பட்டன் போனில் வெண்கலத்தின் குரல்

காய்கறிச் சந்தையில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும்தான் பிழைத்திருந்தது. இருபத்திரண்டு வருடமாகச் சந்தையில் ஏலம் விடுகிறவர். காலை ஆறு மணிக்குத் தக்காளிப் பெட்டிமேல் ஏறி நின்று முதல் விலையைச் சொன்னாரென்றால், அந்தக் கோடியில் வெங்காய மூட்டை இறக்குகிறவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள். மைக் வாங்கித் தரட்டுமா என்று மண்டிக்காரர் ஒருமுறை கேட்டதற்கு, "பாவம், மைக்குக்குக் காது வலிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

தொண்டை கரகரத்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி உழைக்கிற தொண்டை கட்டிக்கொள்ளத்தானே செய்யும். அவருடைய மனைவி மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கடையிலிருந்து மாத்திரையும் மருந்துமாகக் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். மூன்று மாதமாகியும் கரகரப்பு இறங்கவில்லை. நான்காம் மாதம் எச்சிலில் ரத்தம் தெரிந்தது. அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

"எடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல," என்றார் அறுவைச் சிகிச்சை டாக்டர். "கழுத்துல ஒரு துளை இருக்கும். அது வழியா மூச்சு விடுவாரு. பேச்சு மட்டும் வராது."

அந்த 'மட்டும்' என்ற சொல்லை அவள் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் மென்றுகொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்கலம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்குமிடம் வந்ததும் "இறங்கு" என்றார். ஆபரேஷனுக்குப் பதினான்கு நாள் இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார். அவசரம் என்பதே தெரியாத பெண்மணி. கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து, குரல் இருக்கும்போதே தினமும் தேவைப்படுகிற வார்த்தைகளைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு போனில் தட்டினால் அவர் குரலிலேயே கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அது பெரிய உதவியாக இருக்கும். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நிறையப் பேர் செய்வது தொடுதிரை போனில். வெண்கலத்துக்கு அது சரிப்படவில்லை. ஏலம் விட வருவதற்கு முன்பு பதினைந்து வருடம் மூட்டை தூக்கியவர். விரல் நுனியெல்லாம் காய்த்துத் தோல் தடித்திருந்தது. அவர் தொடுவதைத் தொடுதிரை தொட்டதாகவே எடுத்துக்கொள்ளாது. வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த போனை ஒரு வாரம் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆள் பார்த்துத்தான் பேசும்போல" என்று மனைவியிடமே தள்ளிவிட்டிருந்தார். அவர் பாக்கெட்டில் இருந்தது பழைய பட்டன் போன். உள்ளங்கைக்குள் அடங்குகிற உருவம், தீப்பெட்டி அகலத்துக்குத் திரை.

அன்று மாலையே மனைவி அவரைச் சொல்லவைத்துத் தன் போனில் பத்து வார்த்தைகளைப் பதிவு செய்தாள். கடைக் கணினியில் போட்டு, மெமரி கார்டில் ஏற்றி, பட்டன் போனுக்குள் செருகிக் கொடுத்தாள். பாட்டுப் பட்டியலில் பத்தும் வரிசையாக எழுத்தில் நின்றன. வெண்கலத்துக்கு எண்கள் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து சுத்தமாக வராது. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்து பார்த்தார். மேலும் இரண்டு வார்த்தைகளை ஏற்றியதும் வரிசை கலைந்துபோயிற்று. தண்ணீர் கேட்க அழுத்தினால், போன் "யாரு அது?" என்றது.

"தண்ணி கேட்டா யாருன்னு கேக்குது," என்றார் வெண்கலம். "நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அவள் போனை வாங்கி அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தாள். வீடியோ பகுதிக்குள் போனபோது, மகளின் குழந்தை தவழுகிற பழைய வீடியோத் துண்டு ஒன்று கிடந்தது. பெயருக்குப் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குழந்தையின் முகம். பாட்டுக்கு எழுத்துதான் காட்டுகிறது, வீடியோவுக்குப் படம் காட்டுகிறது. அப்படியானால் வார்த்தைகளையெல்லாம் வீடியோவாக மாற்றிவிட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். படத்தைப் பார்த்து அழுத்தினால் குரல் வரும். இது தோன்றியதும் அவள் அடுப்பில் இருந்ததை மறந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் நினைவு வந்தது.

மறுநாள் மதியம், மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, முதலாளியிடம் கேட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். இப்போதைய வீடியோ எதுவும் அந்தப் பழைய போனில் ஓடாது. போட்டால் 'இந்தக் கோப்பைத் திறக்க முடியாது' என்று கையை விரித்துவிடும். அதற்கு ஓடுவது த்ரீஜிபி என்கிற பழைய வகை ஒன்றுதான். பாட்டைக் கொடுத்தால் எந்த வகைக்கு வேண்டுமானாலும் மாற்றித் தருகிற இணையதளம் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். நாற்பது ஐம்பது பெயர் வரிசையாக இருந்த பட்டியலில், கடைசிக்குப் பக்கத்தில், மறந்து விட்டுவைத்ததுபோல த்ரீஜிபியும் இருந்தது.

அந்தப் பக்கத்தில் பெரிதாக, பச்சையாக, 'இறக்கிக்கொள்' என்று மின்னிய பொத்தான்கள் எல்லாம் விளம்பரம். முதல் நாள் தெரியாமல் ஒன்றை அழுத்தி, அவளுக்குக் கார் பரிசு விழுந்திருப்பதாகக் கணினி அடம்பிடிக்க, முதலாளி ஓடிவந்து இணைப்பைப் பிடுங்கவேண்டியதாயிற்று. "ஏம்மா, உனக்கு எதுக்கு இப்ப காரு" என்றார். உண்மையான பொத்தான் கீழே ஓரத்தில், சாம்பல் நிறத்தில், ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது. இலவசமாக மாற்றிக்கொள்ள ஒரு நாளைக்கு மூன்று கோப்புதான். நான்காவதைக் கொடுத்தால் நாளைக்கு வா என்றது. படம் எதுவும் சேர்க்காவிட்டால் வெறும் கறுப்புத் திரையோடு மாற்றித் தந்தது. முதல் மூன்றும் அப்படிக் கறுப்பாகப் போய் ஒரு நாள் வீணாயிற்று.

அதனால் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். தண்ணீருக்குக் கண்ணாடி டம்ளரை எடுத்தாள். சின்னத் திரையில் அது ஒன்றுமே இல்லாததுபோல் தெரிந்தது. குளியலறையிலிருந்து சிவப்பு மக்கைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து எடுத்தாள். அது பளிச்சென்று விழுந்தது. தூக்கத்துக்குத் தலையணை. "போயிட்டு வரேன்" என்பதற்குத் திறந்த கதவு. வலிக்கு அவருடைய கழுத்தையே எடுத்தாள்.

"கோவம் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டார் வெண்கலம். "அதுக்கு ஒண்ணும் போடலையே நீ."

"கோவப்படாம இருக்கப் பாருங்க."

"அதெல்லாம் நடக்கற காரியமா? 'போய்யா வேலையப் பாத்துக்கிட்டு'ன்னு ஒண்ணு போடு. படத்துக்கு உங்கண்ணன் மூஞ்சியப் போடு. பாத்த உடனே தெரிஞ்சுக்குவேன்."

அவள் சிரித்துவிட்டாள். நோய் என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அண்ணன் படத்தையே போட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை "சரி". வெண்கலம் அதைச் சொல்லும்போது அவருக்கும் சிரிப்பு வந்து, சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டது. திரும்பப் பதிவு செய்யலாமா என்று அவள் கேட்டாள். "சரிங்கறத அழுதுக்கிட்டா சொல்லுவாங்க, இருக்கட்டும்" என்றார்.

இன்னொரு நாள், "என் குரல் எங்க போயிட்டு வருது?" என்று கேட்டார்.

"ஏதோ ஒரு நாட்டுல இருக்கற மெஷினுக்கு. மாத்திக் குடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துல அழிச்சிடுவாங்களாம். அப்படித்தான் போட்டிருக்கு."

"அழிக்கலேன்னா?"

"அழிக்கலேன்னா அங்க இருக்கும்."

"இருந்தா இருக்கட்டும்," என்றார். "இங்கதான் இருக்கப் போறதில்ல."

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது தேவைப்படுகிறவற்றை முதலில் மாற்றுவது, மற்றவற்றைப் பதிவு மட்டும் செய்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாக மாற்றுவது என்று முடிவு செய்தாள். தண்ணீர், வலி, மூச்சு முட்டுது, நர்ஸைக் கூப்பிடு, குளிருது, விளக்கை அணை, வேண்டாம், சரி. எழுதி வைத்த பட்டியலில் ஒன்றை ஏற்றினால் இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது. பசிக்குது என்பதைத் தள்ளிப்போட்டாள். ஆபரேஷன் முடிந்து பத்து நாளுக்கு மூக்கில் குழாய் வழியாகத்தான் ஆகாரம், பசிக்கிறது என்று கேட்டும் பயனில்லை. கடைசி இரண்டு நாள் வெண்கலம் தனக்கென்று கேட்டது ஏலத்தை. விலைகள், "முதல் தரம் தக்காளி", "ஒரு தரம், ரெண்டு தரம்", "யாருப்பா அடுத்து" எல்லாவற்றையும், வீட்டுக் கூடத்தில் நாற்காலிமேல் ஏறி நின்று, தொண்டை கிழியச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். அக்கம்பக்கத்தார் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னார். மூன்றாம் நாள் அவருடைய கையில் அவள் போனைக் கொடுத்தாள். அவர் திரையைப் பார்த்து, சிவப்பு மக்கைத் தேடிப்பிடித்து, அழுத்தினார். "தண்ணி குடும்மா" என்றது வெண்கலக் குரல். அந்த வார்டே திரும்பிப் பார்த்தது. தண்ணீர் குடிக்கக் கூடாத நாள் அது. பஞ்சை நனைத்து அவர் உதட்டில் ஒற்றினாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமை வெகுநாள் நிற்கவில்லை. வலியே இல்லாத நாளில் சொல்லிவைத்த "வலிக்குது" அது. கம்பீரமாக, சந்தையே கேட்கும்படி வந்தது. நர்ஸ் பெண் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, "இவ்வளவு தெம்பா வலிக்குதுன்னு யாரும் சொன்னதில்ல" என்று சிரித்தாள். கட்டிலில் அவர் வியர்த்துப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, விரிப்பைக் கசக்கிப் பிடித்திருந்தார். முகம் ஒன்று சொல்ல, போன் ஒன்று சொன்னது.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் டாக்டர் வந்து, கழுத்தைப் பரிசோதித்துவிட்டு, முப்பது நாளைக்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். தினமும் வரவேண்டும், வாயெல்லாம் புண்ணாகும், சாப்பிடக் கஷ்டமாக இருக்கும் என்றார். வெண்கலம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து, போனை எடுத்து அழுத்தினார். "சரி" என்றது போன், சிரிப்போடு. டாக்டர் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். வெண்கலத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மனைவி எழுந்துபோய் அந்தப் போனை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கதிர்வீச்சு நடந்த நாட்களில் அவர் பெரும்பாலும் கையைத் தட்டித்தான் கூப்பிட்டார். ஒரு தட்டுக்கு வா, இரண்டு தட்டுக்கு வேண்டாம். ஆனால் அவள் மதியத்தில் கணினி முன்னால் உட்காருவதை விடவில்லை. ஏலத்துக்கான துண்டுகளை மூன்று மூன்றாக மாற்றிக்கொண்டே இருந்தாள். எண்களுக்குப் படமாக, காலண்டரின் பின்பக்கத்தில் பெரிசு பெரிசாக எண்களை எழுதி எடுத்தாள். திரும்பச் சந்தைக்குப் போகவேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். வாயைத் திறக்காமல் ஒருவர் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கமுடியும் என்று அந்த மாதத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. நாற்பத்தெட்டுத் துண்டுகள் தயாராயின. ஒன்றிரண்டு கறுப்பாகப் போனதையும் மறுபடி செய்தாள்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் மண்டிக்காரரிடம் அவளே போய்ப் பேசினாள். அவர் உடனே ஒப்புக்கொண்டார். "அவரு வந்து நின்னா போதும்மா," என்றார்.

அவர் திரும்ப ஏலத்துக்குப் போன அன்று அவளும் கூடப் போனாள். இத்தனை வருடத்தில் அவர் ஏலம் விட்டு அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. விடியற்காலையில் அவளுக்குச் சமையல், மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, அப்புறம் கடை என்று ஆகிவிட்டது. முதன்முதலாகப் பார்க்கப் போனபோது அவருக்குக் குரல் இல்லை.

கழுத்துத் துளையை மறைத்து வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, வெண்கலம் பெட்டிமேல் ஏறினார். தராசுக்காரர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். இருபது வருடச் சிநேகிதர் அவர். போனை ஒரு சின்ன ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தார்கள். "முதல் தரம் தக்காளி" என்று குரல் எழும்பியது. சந்தை நின்றது. மூட்டையைப் பாதி இறக்கியவர்கள் அப்படியே நின்றார்கள்.

அவர் எண்ணைத் தேடினார். படங்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளி, நின்று, அழுத்தினார். துண்டு திறப்பதற்கு இரண்டு விநாடி ஆயிற்று. விலை வந்தது. கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கினார். அடுத்த எண்ணைத் தேடினார். ஏலம் என்றால் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், ஒருவர் தோளை ஒருவர் இடிப்பார்கள், ஏலம் விடுகிறவர் எல்லாருக்கும் மேலே கத்தி யாரையும் மூச்சுவிட விடாமல் விலையை ஏற்றிக்கொண்டே போவார் என்று அவர் எத்தனையோ முறை வீட்டில் நடித்துக் காட்டியிருக்கிறார். இங்கே ஒருவரும் கத்தவில்லை. வரிசையில் நிற்பவர்கள்போல் ஒருவர் முடிக்கக் காத்திருந்து அடுத்தவர் கை தூக்கினார். பின்னால் யாரோ பேசியதற்கு, "சும்மா இருப்பா" என்று அதட்டினார்கள். அடுத்த விலையை அவர் கண்டுபிடிக்கத் தாமதமானபோது, வியாபாரி ஒருவர் மிகவும் பணிவாக, "மெதுவா பாத்துச் சொல்லுங்கண்ணே. நாங்க எங்க போறோம்" என்றார்.

வெண்கலத்தின் விரல் பொத்தான்மேல் அப்படியே நின்றது.

பெட்டிகளைக் கொண்டுவந்திருந்த விவசாயி வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பெட்டியில் பாதி கனிந்து ஒழுகுகிற பழம். அதை ஒருவர் நல்ல பழத்தின் விலைக்கே கேட்டார். கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். தராசுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பழத்தின் விலை என்ன என்று அங்கே எல்லாரையும்விட வெண்கலத்துக்குத் தெரியும். அவர் ஒலிபெருக்கியின் கம்பியைப் பிடுங்கினார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் தானே இறங்கினார். வெங்காயப் பக்கத்தில் ஏலம் விடுகிற ஆளைக் கையைக் காட்டி அழைத்து, பெட்டிமேல் ஏறும்படி சைகை செய்தார். அந்த ஆள் தயங்கினான். வெண்கலம் முதுகில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார்.

ஐந்து நிமிடத்தில் சந்தை பழையபடி கத்த ஆரம்பித்துவிட்டது. அவர் கீழே குந்தி உட்கார்ந்து, பெட்டிகளிலிருந்து அழுகலைப் பொறுக்கி எடுத்து, கனிந்ததைத் தனியாகவும் காயைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கடைக்கு நேரமாயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கண் எரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து தரம் பிரிக்கிற வேலைக்கே மண்டிக்காரர் அவரை வைத்துக்கொண்டார்.

போன் அலமாரிக்குப் போயிற்று. வெண்கலம் வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி அம்மாவிடம் போய்வந்தார். காற்றை விழுங்கி, அதை ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அந்த ஏப்பத்தை வார்த்தையாக்குகிற வித்தை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது என்று அந்த அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். வெண்கலம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவார். உள்ளேயிருந்து இருமலும் ஏப்பமுமாகக் கேட்கும். இரண்டு மாதம் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் தட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு சத்தம். தரையில் நாற்காலி இழுபட்டதுபோல் இருந்தது. அவள் திரும்பவில்லை. மறுபடி அதே சத்தம்.

"போ... தும்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிவந்து, கண் பளபளக்க. அவள் சந்தோஷப்பட வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது. சிரித்தாள், தலையாட்டினாள், "நல்லா வருதுங்க" என்றாள். ஆனால் அந்தச் சத்தம் காதில் பட்ட முதல் கணத்தில் அவள் உடம்பு ஒரு அங்குலம் பின்னால் போயிருந்தது. அதை அவர் பார்த்துவிட்டார். அவர் பார்த்துவிட்டார் என்பதை அவளும் பார்த்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் அவள் கடையில் அவருடைய பழைய குரலைக் கேட்க ஆரம்பித்தாள். மாற்றுவதற்காகக் கணினியில் போட்டுவைத்த துண்டுகள் ஒன்றும் அழியாமல் இருந்தன. மதியம் முதலாளி சாப்பிடப் போனபிறகு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக ஓட்டுவாள். "தண்ணி குடும்மா." "விளக்க அணை." "போயிட்டு வரேன்." இருபத்தாறு வருடம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தியவள். சில சமயம் பதிலும் சொல்லிவிடுவாள், வாய்க்குள்ளேயே. வீட்டுக்குப் போனால் அந்த ஏப்பக் குரல் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்று வளர்ந்துகொண்டிருந்தது. அவர் பேசும்போது அவள் பாத்திரம் துலக்குவாள், குழாயைத் திறந்துவிடுவாள். துரோகம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வேறு பெயரும் கிடைக்கவில்லை.

ஒரு மதியம் சந்தை சீக்கிரம் முடிந்து, வெண்கலம் கடைக்கு வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். திரையில் திறந்த கதவின் படம். அவர் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்து கண்ணைத் திறந்தவள், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் அப்படியே இருந்தாள். அவர் அவள் காதிலிருந்து இயர்போனை மெல்லக் கழற்றி, தன் காதில் வைத்துக் கேட்டார். கேட்டு முடிக்கும்வரை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல... குரல்," என்றார்.

"என்னங்க..."

"நானும்... தேடுறேன்." மூச்சை விழுங்கி, நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார். "ஆனா... நான்... இங்க இருக்கேன்."

அவள் அழுதாள். கடையென்றும் பார்க்காமல், பில் போடுகிற மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவர் பக்கத்தில் நின்று அவள் முதுகில் கையை வைத்திருந்தார். மருந்து வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு வரலாம் என்று போய்விட்டார்.

அந்தத் துண்டுகளை அழித்துவிடு என்று அவர் சொல்லவில்லை, அவளும் அழிக்கவில்லை. ஆனால் அன்று மாலை வீட்டில் அவர் பேசியபோது அவள் குழாயை மூடிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவருடைய வாயைப் பார்த்துக் கேட்டாள். முதலில் பாதி புரியவில்லை. புரியாததை, "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்டாள். அவரும் சலிக்காமல் திரும்பச் சொன்னார். சந்தையில் ஒருவர் பெட்டிக்கு அடியில் கல் வைத்துக் கொண்டுவந்த கதை அது. ஐந்து நிமிடத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லி முடிக்க அரைமணி ஆயிற்று. முடிவில் இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவருடைய சிரிப்பு கழுத்து வழியாக, காற்றாக வந்தது.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வாரத்தில், கடையில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, வெண்கலம் வாசலில் வந்து நின்றார். பாதி நனைந்திருந்தார். உள்ளே வர இடமில்லை. அத்தனை பேர் தலைக்கும் மேலே எட்டிப் பார்த்து, காற்றை விழுங்கி, "சாவி" என்றார். கரடுமுரடான அந்தச் சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒரு பெண்மணி தன் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

அவள் பில்லிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பைக்குள்ள இருக்கு, எடுத்துக்கோங்க."

"எந்தப்... பை?"

"நான் எத்தனை பை வச்சிருக்கேன்? ஆணியில தொங்குதே, அதுதான். துணிய மாத்துங்க மொதல்ல, நெஞ்சுல ஈரம் ஏறிடப் போகுது."

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, பையைத் துழாவி, சாவியை எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் விளங்கவில்லை. அவளுக்கு விளங்கியது.

"ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்," என்று அவள் சொல்லிவிட்டு, அடுத்த சீட்டை வாங்கினாள்.